குத்துக்கல்வலசைக்குக் கடல் வந்தது

தென்காசியில் கடல் கிடையாது. இதெல்லாம் ஒரு விஷயமா, இதைச் சொல்ல ஒரு கதையா என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கடலைப் பார்க்க மூணு நாலு மணி நேரம் ஆகும் என்பது இந்த ஊர் பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் இந்தப் பால்வாடிச் சமாச்சாரத்தை ஓர் அலுவலகத்தில் சொல்லி நம்ப வைக்க முடியாமல், காஜா பாய் என்கிற மனுஷன் செருப்புத் தேய நடந்தார். நடந்து நடந்து கடைசியில் தோற்றும் போனார்.

காஜா பாய் சவூதியில், தம்மாமில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அவர் சம்சாரம் அலிமாவுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. போன் வந்ததும் வேலையை உதறிவிட்டு ஊருக்கு வந்து சேர்ந்தார். அவர்கள் இருந்தது தென்காசி டவுனுக்குள் ஒரு வாடகை மாடி வீடு. படிக்கட்டு செங்குத்து. கை கால் நன்றாக இருக்கிறவனே கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். அலிமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, துப்பட்டாவால் சேர்த்துக் கட்டி, தெருவில் போகிற வருகிற நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கி இறக்க வேண்டும்.

"மய்யித்தை இறக்குற மாதிரில்லா இறக்குதிய" என்று பிணத்தோடு தன்னைச் சேர்த்துச் சொல்வாள் அலிமா. கை காலைத்தான் அது இழுத்தது. வாயை ஒன்றும் செய்யவில்லை.

அந்நிய ஆம்பிளைகள் தூக்குவது அவளுக்குப் பிடிக்காது. அதனால் ஆஸ்பத்திரி நாள் தவிர மற்ற நாளெல்லாம் மாடியிலேயே கிடந்தாள். தரையை மிதித்து எத்தனையோ மாதம் ஆயிற்று. ஊரை ஒட்டி, குத்துக்கல்வலசையில் அவள் பேரில் கொஞ்சம் இடம் கிடந்தது. காஜா பாய் சவூதிச் சம்பளத்தில் வாங்கிப் போட்டது. அதில் தரையோடு தரையாக ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்று இரண்டு பேரும் முடிவு பண்ணினார்கள்.

"எனக்கு மாடி வேண்டாம், மச்சு வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம்" என்றாள் அலிமா. "வாசல்ல படி இருக்கக் கூடாது. கதவு அகலமா இருக்கணும். வீல்சேரை நானே உருட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் போவணும். மீன்காரன் வந்தா நானே செவுளைத் தூக்கிப் பாத்து வாங்கணும். அவ்வளவுதான் சஃப்ரின் வாப்பா, வேற ஒண்ணும் கேக்கலை."

புருஷனை அவள் மகள் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். அவள் கேட்டது அவ்வளவுதான். அதைக் கொடுக்கக் கொத்தனார் இருந்தார், மணல் இருந்தது, பேங்க்காரனும் சரி என்றுவிட்டான். வரைபடத்துக்கு ஒப்புதல் மட்டும் வாங்க வேண்டும். ஒப்புதல் இல்லாவிட்டால் பேங்க்கும் கிடையாது, கரண்டும் கிடையாது.

இங்கேதான் ஒருங்கிணைந்த மனை வரைபட ஒப்புதல் மையம் வருகிறது.

இந்த மையத்தின் பூர்வீகத்தைச் சொல்லிவிட வேண்டும். கடற்கரை ஊர்களில் வீடு கட்டுகிறவர்கள் மனை வரைபடம் தயாரிக்கத் திண்டாடுகிறார்கள் என்று யாரோ ஒரு நல்ல மனுஷன் கவலைப்பட்டு, அதற்கென்று கம்ப்யூட்டரில் ஓர் ஏற்பாடு செய்தார். அலை எதுவரை ஏறும், மணல்மேடு எங்கே, வீடு எங்கே என்று எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகக் கேட்கும். கடற்கரையில் அது நன்றாகத்தான் வேலை செய்தது. வேலை செய்ததால் அதற்கு ஒரு விருது கிடைத்தது. விருது கிடைத்ததால் அதை மலையடிவார ஊர்களுக்கும் நீட்டித்தார்கள். நீட்டித்தவர்கள் ஒரு கட்டத்தைக்கூட எடுக்கவில்லை. விருது வாங்கிய பொருளில் கைவைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

காஜா பாய்க்குப் பிளான் போட்டுக் கொடுத்தவன் பாண்டிராஜ். டிப்ளமோ படித்துவிட்டு, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்போதுதான் கடை திறந்திருந்தான். படம் அருமையாகப் போட்டான். படியில்லாத வாசல், அகலக் கதவு, வீல்சேர் திரும்ப இடம் விட்டு ஒரு பாத்ரூம். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஒரு கட்டத்தில் வந்து நின்றது: 'உயர் அலைக் கோட்டிலிருந்து மனையின் தூரம் (மீட்டரில்).'

"பாய், கடல் எவ்வளவு தூரம்னு கேக்குது" என்றான் பாண்டிராஜ்.

"இங்கன ஏது தம்பி கடலு? இல்லைன்னு போடு."

"எழுத்து எடுக்க மாட்டேங்குது. நம்பர்தான் போடணுமாம். அதுவும் மூணு இலக்கத்துக்கு மேல கட்டம் வாங்காது. சும்மா விட்டா அடுத்த பக்கம் போகாது."

காஜா பாய் யோசித்தார். தம்மாமில் எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சொந்த நிலம் எவ்வளவு, சைபர். வழக்கு ஏதாவது உண்டா, சைபர். இல்லாததற்கெல்லாம் ஒரே மருந்து அதுதானே.

"கடலே இல்லைன்னா சைபர் போடு தம்பி. உண்மையைப் போடுறதுக்கு என்ன பயம்?"

பாண்டிராஜ் போட்டான். அடுத்த பக்கம் திறந்தது. இரண்டு பேரும் டீ குடித்தார்கள்.

மறுநாள் பாண்டிராஜ் போன் பண்ணினான். குரலே சரியில்லை. "பாய், நம்ம மனை நீலக் கலர் ஆயிட்டு. 'கடல்முக மனை'ன்னு வருது."

மையம் தென்காசியில் ஒரு புதுக் கட்டடத்தில் இருந்தது. வாசலில் 'இங்கு லஞ்சம் வாங்கப்படுவதில்லை' என்று பெரிய போர்டு. அது பொய் இல்லை. மைய அலுவலர் சுந்தரபாண்டியன் பத்துப் பைசா வாங்க மாட்டார். காஜா பாய் பிற்பாடு அதை நினைத்துத்தான் ரொம்ப வருத்தப்பட்டார். வாங்குகிற ஆளாக இருந்திருந்தால் கொடுத்துத் தொலைத்துவிட்டு வீட்டைக் கட்டியிருக்கலாம்.

சுந்தரபாண்டியன் காஜா பாயை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாக விளக்கினார்.

"கடலுக்கும் உங்க மனைக்கும் தூரம் சைபர் மீட்டர்னு நீங்களே எழுதித் தந்திருக்கீங்க பாய். அப்படின்னா என்ன அர்த்தம்? அலை உங்க வாசலைத் தொடுது."

"சார், கடல் இல்லைங்கிறதுக்காகத்தான் சைபர் போட்டேன்."

"கடல் இல்லைன்னா தூரம் அதிகமால்ல இருக்கணும்? மத்தவங்கெல்லாம் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது போடுதாங்க. வீடு கட்டிக் குடியேறியும் ஆச்சு."

"ஒரு கிலோமீட்டர்ல கடல் இருக்குன்னா அது பொய்தானே சார்?"

சுந்தரபாண்டியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உண்மையா பொய்யான்னு பாக்குறது எங்க வேலை இல்லை பாய். கட்டம் நிறைஞ்சிருக்கான்னுதான் பாப்போம். அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு."

"சரி சார், நானும் அதையே போட்டுருதேன். மாத்திக் குடுங்க."

"ஒருதரம் பதிஞ்ச தூரத்தை மாத்தணும்னா ரெண்டு காரணத்தைத்தான் சிஸ்டம் ஒத்துக்கிடும். ஒண்ணு, கடல் அரிப்பு. இன்னொண்ணு, கடல் உள்வாங்கல். ரெண்டுக்கும் கள ஆய்வு நடக்கணும்."

"சார், ஜன்னலைத் திறந்து பாருங்க. அங்கன தெரியுறது குத்தாலம் மலை."

அவர் நிஜமாகவே திரும்பிப் பார்த்தார். மேகம் தொட்டுக்கொண்டு மலை நின்றது. "மலை இருக்கு, நான் மறுக்கலை" என்றார். "ஆனா ஆவணத்துல கடல்லா இருக்கு. நான் ஒரு சாதாரண அலுவலர். கடலை இல்லைன்னு சொல்ல எனக்கு என்ன அதிகாரம் இருக்கு, சொல்லுங்க?"

விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதிதாகப் போடலாமா என்று கேட்டார் காஜா பாய். வாங்கலாமாம். வாங்கினால் மனை 'கட்டுமானம் கூடாத கடற்கரை' என்று நிரந்தரமாகப் பதிவாகிவிடுமாம்.

கிளம்பும்போது சுந்தரபாண்டியன் கூப்பிட்டார். மனுஷனுக்கு உதவி செய்ய வேண்டும் என்று உண்மையிலேயே ஆசை இருந்தது. அதுதான் கொடுமை. "பாய், பாரம்பரிய மீனவர் குடும்பம்னா சில விதிவிலக்கு உண்டு. உங்க வாப்பா என்ன தொழில் பாத்தாங்க?"

"தறி நெய்தாங்க சார்."

"தறியா? நூல்தானே? வலைக்கும் நூல்தான் பாய். யோசிச்சுப் பாருங்க."

வீட்டுக்கு வந்து சொன்னபோது அலிமா கட்டிலில் படுத்தவாக்கில் சிரித்தாள். "அல்லாவே! இவ்வளவு நாளும் கடலைத் தாண்டிப் போயி சம்பாதிச்சிய. இப்ப அதுவே வீடு தேடி வந்துட்டு." அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "நோம்புக்குள்ள வாசக்கால் வச்சிருலாமா?"

"வச்சிருலாம்" என்றார் காஜா பாய். அவரும் நம்பித்தான் சொன்னார்.

கடல்முக மனை என்றாகிவிட்டதால் வரைபடத்தைக் கடலோர முறைப்படி திருத்திக் கொடுக்கச் சொன்னது மையம். உயர் அலைக் கோடு, தாழ் அலைக் கோடு, மணல்மேடு, படகு நிறுத்துமிடம் எல்லாம் குறிக்க வேண்டும். பாண்டிராஜ் பேனாவை வைத்துக்கொண்டு திகைத்தான்.

"பாய், கடலை எந்தப் பக்கம் போட?"

"என்னைக் கேட்டா? நான் என்னத்தைக் கண்டேன்?"

"மேற்கே மலை. தெற்கே ரோடு. வடக்கே வீடுங்க. கிழக்கேதான் வயல் சும்மா கிடக்கு. அங்கன போட்டுருதேன்."

கிழக்கே கிடந்த வயல் சங்கிலிப்பாண்டியுடையது. ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். உளுந்து போட்டிருந்தார். பாண்டிராஜ் அந்த உளுந்து வயலின் மேல் அழகான நீல அலைகளாக வரைந்து, ஓரத்தில் இரண்டு படகும் போட்டு அனுப்பிவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக மையம் ஒரு காகிதத்தை ஒரே நாளில் ஏற்றுக்கொண்டது.

கொஞ்ச நாள் கழித்து சங்கிலிப்பாண்டி புல்லட்டில் வந்து இறங்கினார். கையில் நோட்டீஸ். கடற்பரப்பை ஆக்கிரமித்து உளுந்து பயிரிட்டது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

"என்னவே பாய், என் வயலைக் கடலாக்கிட்டேரு?"

காஜா பாய் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணாச்சி, ஆண்டவன் மேல ஆணையா இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது." நடந்ததையெல்லாம் சொன்னார். அலிமாவின் கால் வரைக்கும் சொன்னார். சங்கிலிப்பாண்டி திண்ணென்று நின்று கேட்டார். சண்டை போட வந்த மனுஷன் புல்லட் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து அந்த ஆபீஸ்ல போயி காட்டுக் கத்து கத்தினேன். உளுந்தைப் பிடுங்கிக் கொண்டுபோயி மேசையில போட்டேன். அது கடற்பாசி இல்லைன்னு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வரச் சொல்லுதான்." பெருமூச்சு விட்டார். "அத்தனை வருசம் போலீஸ்ல இருந்தேன்வே. எத்தனையோ பேருக்குப் பொய்க் கேஸ் போட்டிருக்கேன். இப்படி ஒரு கேஸு எனக்குத் தோணவே இல்லையே!"

கள ஆய்வுக்காகக் காஜா பாய் பங்குனியிலிருந்து காத்திருந்தார். கடலைப் பற்றி ஆய்வு பண்ணும் அதிகாரிகள் கடற்கரையிலிருந்துதான் வரவேண்டுமாம். சித்திரையில் வெயில் அதிகம் என்றார்கள். வைகாசியில் ஜீப் ரிப்பேர் என்றார்கள். ஆனியில் சாரல் பிடித்தது, குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தது, பேப்பரில் படம் வந்தது. ஜீப் மறுநாளே சரியாகிவிட்டது.

ஜீப்போடு இரண்டு வேனும் வந்தன. வேனில் குடும்பங்கள், துண்டுகள், எண்ணெய் பாட்டில்கள். காஜா பாய் காலையிலிருந்து மனையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆய்வுக் குழு முதலில் மெயினருவியை ஆய்வு செய்தது. அப்புறம் ஐந்தருவி. ஆண்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டார்கள். மத்தியானம் பிரியாணிக்கு மேல், தலை ஈரம் காயாமல், கள ஆய்வாளர் இராமலட்சுமி டேப்பும் கையுமாக வந்தார். சின்ன வயசுப் பெண். முகத்தில் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

மழைத்தூறலில் சங்கிலிப்பாண்டியின் உளுந்துக்குள் இறங்கி அந்தக் கோடிவரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"எனக்குத் தெரியாதா பாய்?" என்றார் மெதுவாக. "ஆனா ரிப்போர்ட்ல 'கடல் கிடையாது'ன்னு எழுத வழி இல்லை. 'உயர் அலை', 'தாழ் அலை', 'காணப்படவில்லை', இந்த மூணுல ஒண்ணைத்தான் டிக் பண்ண முடியும். இருக்கதுக்குள்ள உண்மையானதைப் போடுதேன்."

'ஆய்வின்போது கடல் காணப்படவில்லை' என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டதைக் காஜா பாய் கண்ணாலே பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு நேந்திரம் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தார். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, படியேறும்போதே கத்தினார். "அலிமா! கடல் இல்லைன்னு எழுதிட்டாங்க!"

அன்றைக்கு அலிமா பாண்டிராஜின் பழைய வரைபடத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, நல்லா இருக்கிற வலது கையால் ஒவ்வொரு அறையாகத் தொட்டுப் பார்த்தாள். ஜன்னலை இன்னும் கீழே இறக்க முடியுமா, உட்கார்ந்தபடியே தெரு தெரியுமா என்று கேட்டாள். பாத்ரூமில் கம்பி எந்தப் பக்கம் என்றாள். அவ்வளவு பேச்சு அவள் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. அஃப்ரினுக்கும் சஃப்ரினுக்கும் போன் போட்டு, இரண்டு மகள்களிடமும் அடுத்த லீவுக்குப் புது வீட்டுக்குத்தான் வரணும் என்று சொன்னாள்.

பத்து நாளில் சுந்தரபாண்டியனிடமிருந்து அழைப்பு வந்தது. போனால், மனுஷன் முகம் வெளிறிப் போயிருக்கிறது.

"பாய், நிலைமை கொஞ்சம் மோசம்."

"என்ன சார்? கடல் இல்லைன்னு அந்தம்மா எழுதிட்டாங்களே!"

"அதுதான் பாய் பிரச்சினையே. நீங்க மனு தந்த அன்னைக்குக் கடல் சைபர் மீட்டர்ல இருந்துச்சு. உங்க வரைபடத்துலயும் இருந்துச்சு, படகோட. இப்ப ஆய்வுக்குப் போனா காணலை. அப்படின்னா கடல் உள்வாங்கியிருக்கு." குரலைத் தாழ்த்தினார். "கடல் திடீர்னு உள்வாங்குனா அடுத்து என்ன வரும்னு உங்களுக்கே தெரியும். ஆழிப்பேரலை. உங்க மனையை அதிஅபாயப் பட்டியல்ல சேத்துட்டோம்."

காஜா பாய் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க. அரசாங்கம் கைவிடாது" என்று சுந்தரபாண்டியன் அவர் தோளைத் தட்டினார். "மேலிடத்துல ராத்திரி பகலா உக்காந்து உங்களுக்காகவே ஒரு மாதிரி வரைபடம் தயார் பண்ணி, சீல் வச்சு அனுப்பிட்டாங்க. ஒப்புதல் வந்தாச்சு பாய்! உள்மாவட்டத்துல முதல் கடலோர வீடு உங்களுதுதான். விழா வைக்கப் போறோம். மனை உங்க சம்சாரம் பேர்ல இருக்கதுனால அவங்கதான் நேர்ல வந்து வாங்கணும்."

ஒப்புதல் வந்துவிட்டது என்ற சொல் மட்டும்தான் காஜா பாயின் காதில் தங்கியது. கடல் வந்தால் என்ன, போனால் என்ன, வீடு கிடைத்தால் சரி. வரைபடத்தைக் காட்டுங்கள் என்று கேட்டார். விழாவில்தான் உறையைப் பிரிக்க வேண்டுமாம், அது மரபாம்.

விழா நடந்தது மையத்தின் மேல் மாடி ஹாலில். லிப்ட் இருந்தது. அதற்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை. அலிமா புதுச் சேலை கட்டி, தலையில் துப்பட்டா போட்டு வந்தாள். அலுவலக ஊழியர்கள் நாலு பேர் நாற்காலியோடு அவளைத் தூக்கி மாடிக்கு ஏற்றினார்கள். வழக்கமாக முணுமுணுப்பவள் அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். "இதுதான் கடைசித் தரம்" என்று மட்டும் காஜா பாயிடம் சொன்னாள்.

மேடையில் சுந்தரபாண்டியன் மைக்கைப் பிடித்தார்.

"இந்த மையம் தொடங்கியபோது, கடலே இல்லாத ஊரில் கடலோரத் திட்டம் எதற்கு என்று சிலர் ஏளனம் பேசினார்கள். இன்று அவர்கள் முகத்தில் நாம் கரியைப் பூசியிருக்கிறோம். கடல் இல்லை என்று நாம் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. இருக்கிற ஊழியர்களை வைத்து, இருக்கிற கட்டங்களை வைத்து, ஒரு கடலையே இந்த மாவட்டத்துக்குக் கொண்டுவந்தோம். அந்தக் கடலிலிருந்து இந்த ஏழைச் சகோதரியைக் காப்பாற்றவும் செய்திருக்கிறோம். ஒரு பைசா லஞ்சம் வாங்காமல்!"

கைதட்டல் அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. உறையைப் பிரித்து வரைபடத்தை விரித்து அலிமாவின் மடியில் வைத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். சால்வை போட்டார்கள்.

அலிமா படத்தைப் பார்த்தாள். வாசலைத் தேடினாள். அகலக் கதவைத் தேடினாள். கீழே வெறும் தூண்கள் நின்றன. அவள் கேட்ட வீடு அந்தத் தூண்களுக்கு மேலே, அந்தரத்தில் இருந்தது. தரையிலிருந்து அதுவரை ஒரு படிக்கட்டு போனது.

காஜா பாய் எட்டிப் பார்த்தார். "சார், இது என்ன சார்? கீழ வீட்டையே காணோமே?"

"தரைத்தளத்துல ஆள் குடியிருக்கக் கூடாது பாய். அலை வந்தா போறதுக்கு வழி விடணும்ல?"

"அவளுக்கு நடக்க முடியாது சார். அதுக்காகத்தான் சார் இந்த வீடே! ஒரு சரிவுப் பாதையாவது போட்டுத் தாங்க, வீல்சேர் ஏறட்டும்."

"சரிவு போட்டா அலையோட இயல்பான போக்கைத் தடுக்கும்."

"லிப்டு?"

"தரைத்தளத்துல மின்சாதனம் கூடாது." சுந்தரபாண்டியன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நிஜமான அக்கறை இருந்தது. "உயிரைவிட வசதி பெருசா பாய்? கையெழுத்துப் போடச் சொல்லுங்க. இன்னைக்குப் போடலைன்னா ஒப்புதல் காலாவதி. அப்புறம் அந்த மனையில ஒரு கழிப்பறைகூடக் கட்ட முடியாது."

அலிமா யாரையும் பார்க்கவில்லை. பேனாவை வாங்கினாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள்.

"இந்த வீட்டுக்கு நான் எப்படிப் போவணும்?" என்று கேட்டாள்.

சுந்தரபாண்டியன் மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். "அருமையான கேள்வி. நம் பயனாளிகளிடம் வந்திருக்கும் விழிப்புணர்வை இது காட்டுகிறது." எல்லாரும் மறுபடி கைதட்டினார்கள். தேசிய கீதம் பாடினார்கள். வடையும் கேசரியும் கீழே இருப்பதாக அறிவித்தார்கள்.

ஹால் காலியாயிற்று. வாட்ச்மேன் ஒவ்வொரு ஃபேனாக நிறுத்திக்கொண்டு வந்தார்.

"பாய், பூட்டணும்."

"தூக்கிட்டு வந்தவங்க எங்க அண்ணாச்சி?"

"அவங்க அப்பமே போயிட்டாங்க. மேல ஏத்துறதுக்குத்தான் ஆபீஸ் ஆர்டர் போட்டிருந்துச்சு. இறக்குறதுக்கு ஒண்ணும் சொல்லலையே."

காஜா பாய் படிக்கட்டின் தலைமாட்டில் போய் நின்று கீழே பார்த்துக் கத்தினார். "யாராவது வாங்களேன்! ஒரு கை பிடிங்களேன்!" கீழே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தரம் கத்தினார்.

திரும்பி வந்தார். அலிமா சால்வையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண் காய்ந்து கிடந்தது.

"விடுங்க சஃப்ரின் வாப்பா" என்றாள். "எங்கன போனாலும் மேலதானே. இங்கனயே இருந்து பழகிக்கிடுதேன்."

காஜா பாய் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார்.